சுண்டைக்காயும் சுமைகூலியும்

“சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம்” என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. பொருளியல் நூலார் பல அதிகாரங்களில் விரித்துரைக்கும் உண்மையொன்றை, எழுத்தறியாத மூதாட்டி ஒருத்தி சந்தையிலிருந்து மீளும் வழியில் நான்கு சொற்களுள் அடக்கிவிட்டாள். வாங்கிய பொருளின் விலை வேறு. அதனை வீட்டிற் கொண்டுவந்து சேர்த்தற்கு ஆன செலவு வேறு. இரண்டையுங் கூட்டிப் பாராதவன், மலிவாக வாங்கினேன் என மகிழ்ந்துகொண்டே வறியனாவான்.

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபொழுது, இப்பழமொழியையே பொருளாகக் கொள்ளத் துணிந்தேன். ஆனால் யான் கூறப்புகுவது சந்தையைப் பற்றியன்று, கணினியைப் பற்றி. தமிழாசிரியருக்குக் கணினியில் என்ன அலுவல் எனச் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே, ஆயினும் விடை உண்டு. இக்கல்லூரியில் இலக்கணங் கற்றுச் சென்ற மாணவர் பலர் இன்று கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் செய்ந்நிரல் எழுதுவதையே தொழிலாகக் கொண்டுள்ளனர். விடுமுறைக்கு ஊர் வரும்போது கல்லூரிக்கும் வருகின்றனர். அவர்கள் தம் தொழிலைப் பற்றிப் பேசுங்கால், கம்பியையும் மின்னையும் பற்றிப் பேசுவாரல்லர். எவ்வழி குறுகியது, எவ்வழி வீண்செலவு, எதனை முதலிற் செய்தல் வேண்டும், எதனைச் செய்யாது விடல் வேண்டும் என்பனவே அவர்தம் பேச்சு. வீடு நடத்தும் ஒருத்தி நாள்தோறும் எண்ணுவனவும் இவையே அல்லவா?

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றேன். சிக்கனம் என்பது கையை இறுக்குதல் அன்று. வெறும் விரைவும் அன்று. எது எதற்காகச் செலவாகின்றது என்பதை அறிந்து செலவிடுதலே சிக்கனம். இவ்வறிவை இளைஞர்க்கு ஊட்டுதற்குப் புதிரினுஞ் சிறந்த கருவி வேறில்லை. அப்புதிரை இயந்திரத்தின் கையிற் கொடுத்து விடையை மாத்திரம் பெற்றுக்கொள்ளும் இன்றைய வழக்கமோ, சிக்கனம்போலத் தோன்றும் பெருஞ்செலவு. இதனை ஒவ்வொரு படியாக நிறுவ முயல்வேன்.

ஆடு, புலி, புல்லுக்கட்டு என்னும் மூன்றையும் ஆறு கடத்திய ஓடக்காரன் கதையை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. ஓடத்தில் அவனோடு ஒன்றுக்கே இடம் உண்டு. அவன் இல்லாதவிடத்துப் புலி ஆட்டைத் தின்னும். ஆடு புல்லைத் தின்னும். இப்புதிர் நமக்கு மட்டும் உரியதன்று. கி.பி. 804 ஆம் ஆண்டில் மறைந்த அல்குயின் என்னும் ஆங்கில அறிஞர் இளைஞரின் மதியைத் தீட்டுதற்குத் தொகுத்ததாகக் கூறப்படும் இலத்தீன் நூலொன்றில், ஓநாய், ஆடு, முட்டைக்கோவா என்னும் பெயர்களோடு இது காணப்படுகின்றது.

இதனைக் கணக்கனின் கண்கொண்டு நோக்குவோம். ஓடக்காரனும் மூன்று பொருள்களுமாக நால்வர்; ஒவ்வொருவரும் இக்கரையிலோ அக்கரையிலோ இருத்தல் கூடும். ஆகவே இருக்கத்தக்க நிலைகள் மொத்தம் 16. அவற்றுள் ஒன்றையொன்று தின்னும் நிலைகள் 6, எஞ்சியவை 10. இப்பத்தினுள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செல்லும் வழியைத் தேடின், ஏழு முறை ஆற்றைக் கடந்து காரியம் முடியும். இதிலே மாணாக்கர் இடறும் இடம் ஒன்று உண்டு. அக்கரையிற் கொண்டுசென்று விட்ட ஆட்டை இடையில் ஒருமுறை இக்கரைக்கு மீட்டுக் கொண்டுவருதல் வேண்டும். “செய்த வேலையை அழிப்பதா?” என மனம் மறுக்கும். அம்மறுப்பை வென்றவனுக்கே விடை கிட்டும். பின்வாங்குதலும் சில வேளைகளில் முன்னேற்றமே என்பதை அறநூல் எதனினும் தெளிவாக இவ்வோடக்காரன் உணர்த்துகின்றான்.

பத்து நிலைகளை எவரும் விரல்விட்டு எண்ணலாம். எண்ணமுடியாத அளவினவாயின் யாது செய்வது? இதற்குச் சதுரங்கப் பலகையில் ஒரு புதிர் உண்டு. 1848 ஆம் ஆண்டில் மக்ஸ் பெத்செல் என்பவர் யேர்மன் சதுரங்கச் சஞ்சிகை ஒன்றில் இதனை வெளியிட்டார். எட்டுக்கு எட்டான பலகையில் எட்டு இராணிகளை, எந்த ஓர் இராணியும் பிறிதொன்றைத் தாக்காத வண்ணம் வைத்தல் வேண்டும். இராணி கிடையாகவும் நிலையாகவும் மூலைவாட்டாகவும் எவ்வளவு தூரமும் செல்லவல்லது என்பதைச் சதுரங்கம் ஆடுவோர் அறிவர். கணித மேதை கவுஸ் அவர்களும் இப்புதிரில் ஈடுபட்டார். விடைகள் 92 என்பதை 1850 ஆம் ஆண்டில் பிரான்ஸ் நௌக் என்பவர் வெளியிட்டார். அக்காலத்தில் கணினி இல்லை. கடுதாசியும் பென்சிலும் பொறுமையுமே இருந்தன.

இவ்விடைகளைத் தேடும் வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். யாதும் சிந்தியாதவன் அறுபத்துநான்கு கட்டங்களுள் எவையேனும் எட்டைத் தெரிந்து, இராணிகளை வைத்து, தாக்குகின்றனவா எனச் சோதிப்பான். அவன் சோதிக்கவேண்டிய வைப்புக்கள் 4,426,165,368. அஃதாவது 442 கோடிக்கு மேல். இமைப்பொழுதும் உறங்காது, செக்கனுக்கு ஒன்றாகச் சோதிப்பினும், 140 ஆண்டுகள் செல்லும். பாட்டன் தொடங்கிய வேலையைப் பேரனும் முடியாது விட்டுச் செல்வான்.

சற்றே சிந்திப்பவன், ஒரு வரிசையில் இரண்டு இராணிகள் இருத்தல் ஒண்ணாது என்பதைக் காண்பான். எனவே வரிசைக்கு ஒன்றாக வைப்பான். இவ்வொரு நினைவினால் வைப்புக்கள் 16,777,216 ஆகக் குறையும். 140 ஆண்டு வேலை 194 நாள் வேலையாகும். இன்னுஞ் சிந்திப்பவன், ஒரு நிரலிலும் இரண்டு இருத்தல் ஒண்ணாது என்பதையுஞ் சேர்த்துக்கொள்வான். வைப்புக்கள் 40,320 ஆகும். காலம் 11 மணி 12 நிமிடம். காலையிற் தொடங்கியவன் இராப்போசனத்துக்குள் முடித்துவிடலாம்.

இனி வருவதே செய்ந்நிரலாளர் பெரிதும் போற்றும் முறை. எட்டையும் வைத்துவிட்டுச் சோதிப்பதேன்? ஒவ்வொன்றாக வைத்து, வைக்கும்போதே சோதிப்போம். மூன்றாவது இராணி முதலாவதைத் தாக்குமாயின், எஞ்சிய ஐந்தை எங்கு வைப்பினும் பயனில்லை. அவ்வழியை அங்கேயே கைவிட்டு ஓரடி பின்வாங்கி வேறு கட்டம் பார்ப்போம். இவ்வாறு செய்வோன் ஓர் இராணியை ஒரு கட்டத்தில் வைத்துப் பார்க்கும் செயல் 15,720 முறையோடு முடிந்துவிடும். செக்கனுக்கு ஒன்றெனின் 4 மணி 22 நிமிடம். பலகையின் இடப்பாதி வலப்பாதியின் கண்ணாடி நிழலே என்பதையுங் கண்டவன், முதல் இராணியை இடப்பாதியில் மாத்திரம் வைத்துத் தேடி, கிடைத்த 46 விடைகளையும் புரட்டி 92 ஆக்குவான். அவனுக்கு வேண்டுவது 2 மணி 11 நிமிடம். 1972 ஆம் ஆண்டில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் கணினி அறிஞர், செய்ந்நிரலை ஒழுங்குற அமைக்கும் முறையை விளக்குதற்கு இப்புதிரையே எடுத்துக்காட்டாகக் கொண்டார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

140 ஆண்டு எங்கே, 2 மணி 11 நிமிடம் எங்கே! இவ்விரண்டுக்கும் இடையில் யாதும் விலைக்கு வாங்கப்படவில்லை. கை விரைவுபடவில்லை, செக்கனுக்கு ஒன்று என்னும் வேகம் ஈறுவரை மாறவேயில்லை. மாறியது ஒன்றே: எங்கே தேடவேண்டுவதில்லை என்னும் அறிவு. எலியைப் பிடித்தற்கு மலையைக் கல்லுவோனுக்கும் வளையைக் காண்போனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இக்காலத்துக் கணினிக்கு 442 கோடியும் பெரிதன்று. பின் சிந்தனை எதற்கு என்பார்க்கு ஒரு சொல். பலகை சிறிது பெருக்கட்டும். 27 வரிசைப் பலகையில் 27 இராணிகளை வைக்கும் வழிகளின் தொகையை யேர்மனியின் திரெஸ்டன் நகர ஆய்வாளர் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அது 18 இலக்கங் கொண்ட எண். அதற்கு முந்திய 26 வரிசைப் பலகைக்குரிய தொகையினும் அது பத்து மடங்குக்கு மேற்பட்டது. ஒரு வரிசை கூடும்போதே தொகை இவ்வாறு பெருகுமாயின், வேகம் இருமடங்கான இயந்திரத்தை வாங்கி என்ன பயன்? பணங்கொடுத்து வாங்கும் வேகம் படிப்படியாக ஏறும். புதிரின் பருமனோ பாய்ந்து ஏறும். அப்பாய்ச்சலை ஓரளவேனும் தடுப்பது சிந்தனை ஒன்றே.

இஃது ஏட்டுப் புதிருக்கு மாத்திரம் பொருந்துவதன்று. 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இந்நாட்டவர் எரிபொருளுக்காக இரவும் பகலும் வரிசையிற் கிடந்தமையை எவரும் மறந்திரார். அவ்வாண்டு யூலை மாதத்தில் தேசிய எரிபொருள் அனுமதி என்னும் முறை கொண்டுவரப்பட்டது. வாகனம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கியூ.ஆர். குறியீடு, வாரத்துக்கு இவ்வளவு என ஓர் அளவு. எரிபொருட் கப்பல்கள் வந்தமையும் வரிசை குறைதற்குக் காரணமே. ஆயினும், கப்பல் கொணர்ந்த எரிபொருள் ஒன்றாக, ஒருவரே பல நிலையங்களில் மீண்டும் மீண்டும் நிற்கும் நிலையை அக்குறியீடு அகற்றியது. ஒரு வரிசையில் ஓர் இராணி என்னும் கட்டுப்பாடு 140 ஆண்டை 194 நாளாக்கிய கதை இதுவன்றோ? நல்ல கட்டுப்பாடு மனிதரை நெருக்குவதில்லை. வீண் அலைச்சலையே நெருக்குகின்றது.

இனி, சிக்கனத்தின் மறுபக்கத்தைப் பார்ப்போம். கண்ணெதிரே தோன்றும் இலாபத்தை உடனே பற்றிக்கொள்ளும் முறையும் செய்ந்நிரலிலே உண்டு. பேராசை முறை என்று அதற்குப் பெயர். கடைக்காரர் மீதிக் காசு கொடுப்பதைப் பாருங்கள். 38 ரூபாவை நாணயமாகக் கொடுத்தல் வேண்டும். கையில் 20, 10, 5, 2, 1 ரூபா நாணயங்கள் உள. பெரியதிலிருந்து தொடங்கி, இருபது, பத்து, ஐந்து, இரண்டு, ஒன்று என எண்ணி வைப்பார். ஐந்து நாணயம், இதனிற் குறைவாகக் கொடுத்தல் இயலாது. நம் நாணய வரிசையில் இம்முறை ஒருபோதும் பிழைப்பதில்லை.

ஆனால் 1969 ஆம் ஆண்டு முடியும்வரை இங்கிலாந்தில் வழங்கிய நாணயங்களை நோக்குக. அங்கே 30 பென்ஸ் பெறுமதியான அரைக் கிரௌனும், 24 பென்ஸ் பெறுமதியான புளொரினும், 12 பென்ஸ் பெறுமதியான சிலிங்கும், 6 பென்ஸ் நாணயமும் ஒருங்கு வழங்கின. 48 பென்ஸ் கொடுக்கவேண்டியவர் பெரியதை முதலிற் பற்றுவாராயின், முப்பது, பன்னிரண்டு, ஆறு என மூன்று நாணயங் கொடுப்பார். முதலில் அரைக் கிரௌனைத் தொடாது விட்டவரோ இரண்டு புளொரின்களோடு முடித்துவிடுவார். முதல் அடியிற் பெரிதாகக் கிடைத்த இலாபமே ஈற்றில் நட்டமாயிற்று. ஓரூரிற் சரியான வழக்கம் வேறோரூரிற் பிழைபடும்; பழக்கத்தின் விரைவை நம்புமுன் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம். பத்து ரூபா மலிவு கேட்டு வெங்காயம் வாங்கத் தொலைவிலுள்ள சந்தைக்குப் பேருந்து ஏறுவோரும், தவணைக் காசு சிறிதென்று பெரும்பொருள் வாங்குவோரும் அரைக் கிரௌனை முதலிற் பற்றியவரே.

திருவள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’ என்னும் 47 ஆம் அதிகாரத்தைத் தொடங்கும்போதே, அழிவது, ஆவது, பின்னர் வரும் ஊதியம் என்னும் மூன்றையும் சீர்தூக்குமாறு பணிக்கின்றார். இம்மூன்றனுள் முதலாவதை மறந்தோர் பலர். செய்ந்நிரலாளர் உலகிலிருந்து ஒரு கணக்குத் தருகின்றேன். ஒருவர் மூன்று நாள், நாளுக்கு எட்டு மணியாக உழைத்து, தாம் நாளுக்கு ஒருமுறை இயக்கும் செய்ந்நிரலின் காலத்தில் ஒரு செக்கனைக் குறைக்கின்றார் எனக் கொள்வோம். செலவான காலம் 86,400 செக்கன். அதனை நாளுக்கு ஒரு செக்கனாக மீட்டுக்கொள்ள 236 ஆண்டுகள் வேண்டும். சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி எத்தனை பணம் என்பதை வாசகரே கூறுக. ஆனால் அதே செய்ந்நிரலை ஓரிலட்சம் பேர் நாள்தோறும் இயக்குவாராயின், முதல் நாளிலேயே ஓரிலட்சம் செக்கன் மீதியாகி முதலும் ஊதியமுங் கைவந்துவிடும். அதே உழைப்பு ஓரிடத்தில் ஊதாரித்தனம், மற்றோரிடத்தில் உபகாரம். செயலின் தன்மை மாறவில்லை. அதனைப் பயன்படுத்துவோர் தொகை மாறியது. கணினி அறிஞர் டொனால்ட் கனூத் 1974 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், சிறுசிறு வேகங்களைப் பற்றிய கவலையை நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வேளைகளில் விட்டுவிடுமாறும், எஞ்சிய மூன்றை நழுவவிடாதிருக்குமாறும் அறிவுறுத்தினார். எம்மூன்று என அறிவதிலேயே தொழிலறிவு முழுவதும் தங்கியுள்ளது.

இயந்திரத்தின் காலம், எழுதுவோன் காலம் என்னும் இரண்டோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. மூன்றாவதாகப் படிப்போன் காலமும் உண்டு. ஒருவர் எழுதிய செய்ந்நிரலைப் பின்னர் வேறொருவர் படித்துத் திருத்தவேண்டி வரும். நான்கு வரியைச் சாமர்த்தியமாக ஒரு வரியாக்கி வைத்தவர், தாம் மீதம்பிடித்த மூன்று வரிக்காக, பின்வருவோர் ஒவ்வொருவரிடமும் அரைநாளை அறவிடுகின்றார். இவ்விடத்தில் தமிழாசிரியன் தன் நூலைத் திறத்தல் தகும். பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய அழகு பத்தினைக் கூறுமிடத்து, சுருக்கத்தை முதலில் வைத்து, விளக்கத்தை அதற்கு அடுத்து வைத்தார். குற்றம் பத்தினைக் கூறுமிடத்தும், குறைவாகக் கூறுதலையும் மிகையாகக் கூறுதலையும் அருகருகே வைத்தார். விளக்கத்தை விற்று வாங்கிய சுருக்கம் அழகன்று, குற்றம். பல நூற்றாண்டுகளுக்கு முன் நூலாசிரியர்க்கு வகுத்த இவ்விதி இன்றைய செய்ந்நிரலாளர்க்கும் ஓர் எழுத்துங் குறையாது பொருந்துவதைக் கண்டு யான் வியந்ததுண்டு.

மீதம்பிடித்தது எங்கே செல்கின்றது என்பதும் ஆராயத்தக்கது. 1865 ஆம் ஆண்டில் ஆங்கிலப் பொருளியலறிஞர் வில்லியம் ஸ்ரான்லி ஜெவன்ஸ் நிலக்கரியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நீராவி இயந்திரம் திருத்தமடைந்து குறைந்த நிலக்கரியில் நிறைந்த வேலை செய்யுமாயின், நிலக்கரியின் செலவு குறையும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அவரோ, மலிவாயினமையால் இயந்திரங்கள் பெருகி நிலக்கரிச் செலவும் பெருகுகின்றது எனக் காட்டினார். இன்று நம் கையிலுள்ள தொலைபேசியை நோக்கின் அவர் கூற்று விளங்கும். கடிதம் ஒன்று சென்று சேர ஒரு கிழமை ஆன காலத்தில், கடிதம் எழுத நேரமிருந்தது. செய்தி கணத்திற் சென்று சேரும் இக்காலத்தில், எவருக்கும் நேரமில்லை. மீதமான நேரத்தை இன்னதற்கென ஒதுக்கி வையாதவனுக்கு, மீதம் என ஒன்று இல்லவே இல்லை.

இதுகாறுங் கூறியது முன்னுரையே. இனிக் கூறுவதே என் வழக்கு.

இன்று ஒரு மாணவன் எட்டு இராணிப் புதிரைத் தொலைபேசியில் தட்டினால், விடையும், விடைகாணுஞ் செய்ந்நிரலும், அதற்கு விளக்கவுரையும் சில கணங்களில் வந்து நிற்கும். கணக்கும் கட்டுரையும் அவ்வாறே வருகின்றன. பெற்றோர் சிலர் இதனைச் சாமர்த்தியம் என்கின்றனர். “பரீட்சை நெருங்குகின்றது, பாடங்களோ மலைபோல் உள, ரியூசனுக்கும் ஓடவேண்டும், இயந்திரம் செய்வதைப் பிள்ளை ஏன் செய்தல் வேண்டும்?” என்கின்றனர். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. பிள்ளைகளின் நாள் நீண்டதன்று. அதனை வீணாக்க எவருக்கும் உரிமையில்லை. ஆதலின் இதனைச் சிக்கனக் கணக்காகவே பார்ப்போம்.

உழைப்பு இரு வகைப்படும். ஒன்று, பொருளை வேண்டிச் செய்யும் உழைப்பு. சம்பளப் பட்டியல் தயாரித்தல், நூலகப் புத்தகங்களை அகரவரிசைப் படுத்தல், நூறு கடிதங்களுக்கு முகவரி எழுதுதல் என்பன இவ்வகையின. இங்கே நமக்கு வேண்டியது முடிந்த பட்டியல். அதனை இயந்திரம் செய்யின் நன்று, விரைந்து செய்யின் மிக நன்று. மற்றையது, செய்வோனை வேண்டிச் செய்யும் உழைப்பு. தேகாப்பியாசம் இவ்வகையது, வீணைப் பயிற்சி இவ்வகையது, புதிரும் இவ்வகையதே. பாரந்தூக்கி ஒன்றைக் கொண்டுவந்து இரும்புக் குண்டை உயர்த்திவிட்டு, தேகாப்பியாசம் முடிந்தது என ஒருவன் கூறின் நாம் நகைப்போம். இரும்பு உயர்ந்தது உண்மை, புயம் வளர்ந்ததா? எட்டு இராணிகளும் பலகையில் அமைந்தன என்பதனால் உலகுக்கு ஒரு காசும் பயனில்லை; 92 விடைகளும் 1850 ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டுவிட்டன. அப்புதிரிற் பயன் என ஒன்று உளதாயின், அது மூன்றாவது இராணியில் இடறி, ஏன் இடறினோம் எனக் கண்டு, பின்வாங்கி, மீண்டும் முயன்ற அம்மனத்திலேயே உளது. செலவென்று நாம் எண்ணும் அவ்வுழைப்பே அங்கு ஊதியம். அதனை மீதம்பிடித்தவன் ஊதியத்தையே தள்ளிவிட்டு வெறுங்கையோடு வீடு செல்கின்றான். சுமைகூலி கொடுத்தும் சுண்டைக்காய் வந்து சேரவில்லை.

இவ்விரு வகையையும் பிரித்தறியாமையே இன்றைய கேடு. முதல்வகை வேலையைக் கையாற் செய்து நேரத்தைப் போக்குவாரும் நம்மிடையே உளர். ஒரே பெயர்ப்பட்டியலை ஐந்து படிவங்களில் எழுதிக் களைக்கும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. இரண்டாம்வகை உழைப்பை இயந்திரத்திடம் ஒப்புவிப்பாரும் நம்மிடையே உளர். வேண்டாத இடத்தில் உழைப்பும், வேண்டிய இடத்தில் ஓய்வும் ஆக, இரண்டிடத்தும் நட்டம்.

விடையை மாத்திரம் நோக்கிப் புள்ளி இடும் வழக்கமும் இக்கேட்டுக்குத் துணைபோகின்றது. பிழையான வழியில் நெடுந்தூரஞ் சென்று, அது பிழையெனத் தானே கண்டு, திரும்பிய மாணவனுக்கு நாம் இடுவது பூச்சியம். பார்த்தெழுதியவனுக்கோ நூறு. நல்ல செய்ந்நிரலாளர் யார் எனப் பழைய மாணவர் ஒருவரை வினவியபோது, பிழையான வழியை விரைவிற் கண்டு கைவிடுபவரே நல்லவர் என அவர் விடையிறுத்தார். உலகம் சம்பளங் கொடுத்து வாங்கும் ஆற்றலுக்கு வகுப்பறையிற் பூச்சியம் இடுவது எவ்வாறு முறையாகும்?

ஆகவே, இவ்விழாக் காலத்தில் கல்லூரிக்கு யாது செய்யலாம் என எண்ணும் பழைய மாணவர்க்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். புதிய கணினிகள் வேண்டாம் என யான் கூறவில்லை, அவை வேண்டியனவே. ஆனால் அவற்றோடு கீழ்வருவனவும் சேரின், அவற்றின் பயன் பன்மடங்காகும்.

முதலாவது, ஆறாந் தரந் தொடங்கி, கிழமைக்கு ஒரு பாடவேளையைப் புதிருக்கென ஒதுக்குவித்தல் வேண்டும். அவ்வேளையில் தொலைபேசியும் கணினியும் வகுப்பறைக்கு வெளியே இருத்தல் வேண்டும். சில சதுரங்கப் பலகைகளும் கட்டத்தாள்களும் பென்சில்களும் போதும். மாணவன் தான் சென்ற வழிகளையும், கைவிட்ட வழிகளையும், கைவிட்ட காரணத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவரல் வேண்டும். புள்ளி அக்குறிப்பேட்டுக்கே அன்றி விடைக்கு அன்று.

இரண்டாவது, கையாற் கண்ட புதிருக்கே பின்னர் கணினிக்கூடத்திற் செய்ந்நிரல் எழுதுவித்தல் வேண்டும். அதற்கு முன், தன் வழிமுறையைத் தமிழிலே, பத்து வாக்கியங்களில், பிறர்க்கு விளங்குமாறு எழுதிக் காட்டுதல் வேண்டும். தாய்மொழியில் எடுத்துரைக்க இயலாத வழிமுறை எழுதியவனுக்கே விளங்காத வழிமுறை என்பதில் ஐயமில்லை. கட்டுரைப் பாடமும் கணினிப் பாடமும் சந்திக்கும் இடம் இதுவாகும். தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து திருத்தத்தக்க விடைத்தாள் இதனாற் பிறக்கும்.

மூன்றாவது, செய்ந்நிரற் தொழிலிலுள்ள பழைய மாணவர் ஊர் வருங்கால் ஒரு மணி நேரத்தைத் தம்பிமார்க்கு அளித்தல் வேண்டும். அவர் வந்து வெற்றிகளைக் கூறவேண்டுவதில்லை. தாம் கைவிட்ட வழிகளைக் கூறட்டும். மூன்று நாள் உழைத்து ஒரு செக்கனைக் குறைப்பது எப்பொழுது தகும், எப்பொழுது தகாது என்பதைக் கூறட்டும். பணமுடிப்பு ஒன்றினும் இவ்வொரு மணி நேரம் பெரிது. இதற்குச் சுமைகூலியும் இல்லை.

இயந்திரங்கள் இன்னும் விரைவுபெறும்; இன்று வியப்பாவது நாளை வழக்கமாகும். இக்கல்லூரியில் எண்ணெய் விளக்கொளியிற் படித்தாரும் கற்றனர். மின்னொளியிற் படிப்பாரும் கற்கின்றனர். இருவர்க்கும் பொதுவாயிருந்தது விளக்கன்று, விழித்திருந்த மனமே. அம்மனத்தை உறங்கவைத்து விளக்கை மாத்திரம் பெருக்குதல் எக்கணக்கிலும் சிக்கனமாகாது. எதனைச் செலவிடல் வேண்டும், எதனைச் சேமித்தல் வேண்டும் என்பதை அறிந்த மாணவர் பரம்பரை ஒன்றை நம் கல்லூரி அன்னை மேலும் மேலும் ஈன்றளிப்பாளாக. அவள் நீடு வாழ்க.